முகம் வந்து சேர்ந்ததா?

சென்ற பொங்கலுக்கு என் தங்கை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய பெண் கல்லூரியில் படிக்கிறவள். வந்த நிமிஷத்திலிருந்து கையிலிருந்த போனால் தன் பாட்டியை, அதாவது என் அம்மாவை, படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டும்போது ஒரு படம், கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கப் பல் இல்லாமல் அதை ஏக்கத்தோடு பார்க்கும்போது ஒரு படம், "போதும்டி, என் மூஞ்சியிலே என்னத்தைக் கண்டே!" என்று முந்தானையால் முகத்தை மறைக்கும்போது ஒரு படம். காணும் பொங்கலன்று மாலை கணக்குப் பார்த்தால் 212 படங்கள் சேர்ந்திருந்தன. போனில் இடம் இல்லை.

என் கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் என்று சொன்னால் அது மிகை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிற நேரம் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் 212 படங்களும் இறங்கிவிட்டன.

"அவ்வளவுதான் மாமா. போன்லேருந்து அழிச்சுடறேன்."

"கொஞ்சம் பொறு" என்றேன். "ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துட்டு அழி."

"எல்லாத்தையுமா?"

காலை நேரக் கூட்டத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டும் பிரயாணியைப் பஸ் கண்டக்டர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தாள் என்னை. "எண்ணிக்கை சரியா இருக்கு மாமா. பேரெல்லாம் வரிசையா இருக்கு. உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்?"

என் சந்தேகத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் பாதி உலக சரித்திரம். மீதிப் பாதி என் சொந்தச் சரித்திரம். சொந்தச் சரித்திரத்தை நான் இதுவரை யாரிடமும் உள்ளபடி சொன்னதில்லை. அதைச் சொல்லத் தைரியம் வருவதற்குள் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். வாசகர்களும் கூட வரவேண்டும்.

*

பழைய காமிராவில் எடுத்த படம் ஒரு பொருள். பிலிம் சுருளில் பூசியிருக்கும் வெள்ளி உப்பின் மேல் ஒளி பட்டு, அது மருந்து நீரில் கழுவப்பட்டு நெகடிவ் ஆகிவிட்டால், பிறகு அது கையில் பிடிக்கக்கூடிய வஸ்து. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். ஓரம் மஞ்சளடிக்கும். பூச்சி ஒரு மூலையைத் தின்றுவிடும். ஆனாலும் தாத்தாவின் மீசையில் பாதியாவது மிஞ்சும்.

டிஜிட்டல் காமிரா எடுக்கும் படம் அப்படிப்பட்ட வஸ்து அன்று. அது ஒரு கணக்கு. காட்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் இத்தனை வெளிச்சம், அடுத்த கட்டத்தில் இத்தனை என்று எழுதிய எண்களின் வரிசை. இந்தக் கணக்கை அப்படியே பெயர்த்து எழுதினால் நகலுக்கும் மூலத்துக்கும் மயிரிழை வித்தியாசமும் இராது. ஆயிரம் முறை பெயர்த்தாலும் மங்காது. பிலிமுக்குக் கிடைக்காத பெரிய வரம் இது. ஆனால் பெயர்த்து எழுதும் கணக்குப்பிள்ளை பாதியில் எழுந்து போய்விட்டாலோ, கொஞ்சமும் மிஞ்சாமல் போனாலும் போய்விடும். ஆகவே, டிஜிட்டல் படத்துக்கு ஆயுளில் ஒரு கண்டம் உண்டென்றால், அது காமிராவை விட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் அந்தச் சிறு பிரயாணத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பிரயாணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு கைக்குழந்தை. அமெரிக்காவில் தேசியத் தர நிர்ணய அலுவலகம் என்று ஓர் அரசாங்க ஸ்தாபனம். அங்கே ஸீயாக் என்ற பெயருடைய ஆரம்ப காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. 1957-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியியலாளருக்கு ஒரு கேள்வி தோன்றிற்று: "நாம் பார்ப்பதுபோல் இந்த யந்திரமும் படத்தைப் பார்த்தால் என்ன?" சுழலும் உருளை ஒன்றில் புகைப்படத்தை ஒட்டி, அதன் வெளிச்சத்தைக் கட்டம் கட்டமாக அளந்து, எண்ணாக்கி உள்ளே செலுத்தும் கருவி ஒன்றை அவரும் அவருடைய சகாக்களும் செய்தார்கள். முதலில் எந்தப் படத்தைச் செலுத்துவது? வேறொருவராக இருந்தால் ஜனாதிபதியின் படத்தைத் தேடியிருப்பார். கிர்ஷ் தம்முடைய மூன்று மாதக் குழந்தை வால்டனின் படத்தை வைத்தார். அகலத்தில் 176 கட்டம், உயரத்தில் 176 கட்டம். கம்ப்யூட்டருக்குள் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்த புகைப்படம் ஒரு தகப்பன் கையால் வைத்த பிள்ளையின் முகம். இன்று உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் திறந்து பார்த்தால் உள்ளே அதிகமாக இருப்பதும் அதுதான் அல்லவா?

*

கிர்ஷின் குழந்தை கம்ப்யூட்டருக்குப் போன தூரம் ஓர் அறைக்குள் அடங்கும். அடுத்த பிரயாணம் கோடிக்கணக்கான மைல். 1964 நவம்பர் 28-ஆம் தேதி மாரினர் 4 என்ற விண்கலத்தை அமெரிக்கர்கள் செவ்வாயை நோக்கி ஏவினார்கள். 1965 ஜூலை 14-ஆம் தேதி அது செவ்வாயைச் சுமார் 9,800 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. கடக்கும்போது, முழுப் படங்கள் 21-ம் இன்னொரு படத்தின் சில வரிகளும் எடுத்துக் காந்த நாடா ஒன்றில் பதிந்துகொண்டது.

எடுத்தாயிற்று. அனுப்ப வேண்டுமே? ஒரு படத்துக்கு 200 வரிசை. வரிசைக்கு 200 புள்ளி. புள்ளிக்கு 6 பிட். ஆக ஒரு படத்துக்கு 2,40,000 பிட். அதை அனுப்ப விண்கலத்துக்கு இருந்த சக்தியோ, வினாடிக்கு எட்டு பிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஊறுகாய் ஜாடியிலிருந்து கடைசி எண்ணெய் சொட்டுகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் ஒரே ஒரு படம் வந்து சேர 8 மணி நேரம் ஆகிறது.

நாடாக் கருவி சரியாக ஓடிற்றா என்று கலிபோர்னியாவில் ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒரே கவலை. அக்கருவியைக் கவனித்து வந்தவர்களில் ரிச்சர்ட் கிரம் என்ற பொறியியலாளருக்குக் கம்ப்யூட்டர் முழுப் படமாகச் செய்து கொடுக்கும் வரையில் பொறுமை இல்லை. வந்துகொண்டிருந்த எண்கள் குறுகலான காகிதப் பட்டையில் அச்சாகி வந்தன. அந்தப் பட்டைகளை வெட்டிச் சுவரில் வரிசையாகப் பொருத்தினார்கள். ஓவியச் சாமான் விற்கும் கடையிலிருந்து வண்ணக் குச்சிகள் வாங்கிவரச் செய்து, இந்த எண்ணுக்கு மஞ்சள், இந்த எண்ணுக்குச் செம்மண் நிறம், இதற்குப் பழுப்பு என்று கையால் தீட்டினார்கள். பல கோடி செலவில் போன விண்கலத்தின் முதல் படத்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வண்ணக் குச்சியால் பார்த்தது உலகம்! செவ்வாயின் விளிம்பும் அதற்கப்பால் கறுத்த ஆகாயமும் சுவரில் மெல்ல மெல்ல உதித்தன. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஆய்வுக்கூடத்தின் தலைவருக்குக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கதையில் வண்ணக் குச்சியைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனத்தில் தைத்தது வேறொரு சிறு விஷயம். படங்கள் முழுவதும் வந்து சேர்ந்த பிறகு அவர்கள் நாடாவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, எல்லாப் படங்களையும் இரண்டாம் முறை அனுப்பச் செய்தார்கள். வழியில் ஏதாவது எண் விழுந்திருக்கும், ஏதாவது எண் திரிந்திருக்கும் என்று ஒரு சந்தேகம். அதற்காக இன்னொரு தடவை ராப்பகலாகக் காத்திருந்து, ஆகஸ்ட் 3-ஆம் தேதி வரையில் சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டார்கள். படத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு இரண்டாம் முறை கேட்கப் பொறுமை இருந்தது. இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் சி.சி.டி. என்னும் சில்லைக் கற்பனை செய்தார்கள். ஒளி பட்டால் அந்த இடத்தில் மின்னூட்டம் சேரும். சேர்ந்ததைக் கையோடு கையாகப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளித் தள்ளி ஓரத்தில் எண்ணிக்கொள்ளலாம். தீயணைக்கத் தண்ணீர் வாளியைக் கை மாற்றுவதுபோல. இந்த யோசனைக்கு 40 ஆண்டுகள் கழித்து, 2009-இல், நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சில்லு ஒன்றை ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியில் ஓர் இளைஞர் கையில் கொடுத்து, "இதை வைத்து என்ன செய்யலாம் என்று பாரப்பா" என்றார்கள். ஸ்டீவன் ஸாஸன் என்ற அந்த இளைஞருக்கு அப்போது வயது 24. சினிமாக் காமிராவின் லென்ஸ் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்தார். 16 பாட்டரிகளைச் சேர்த்தார். பாட்டுப் பதிகிற காஸெட் நாடாவைப் பக்கவாட்டில் பொருத்தினார். 1975 டிசம்பரில் உருவான அந்தக் காமிராவின் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. நம் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டில் படம் எடுக்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். மொத்தம் 10,000 புள்ளிகள்.

பொத்தானை அழுத்தினால் படம் ஒரு நொடியில் எடுபட்டுவிடும். அதை நாடாவில் எழுதி முடிக்க 23 வினாடி. பிறகு காஸெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், சிறு கம்ப்யூட்டர் இணைத்த இன்னொரு பெட்டியில் செருகினால், அது நாடாவைப் படித்து டெலிவிஷன் திரையில் படமாகக் காட்டும். கையில் எடுத்துச் செல்லும்படி செய்த டிஜிட்டல் காமிராவிலிருந்து ஒரு படம் யந்திரத்துக்குப் பயணமானது இதுதான் முதல் தடவை. அந்தப் பிரயாணத்துக்கு வாகனம் மனிதக் கை.

முதல் படத்துக்கு, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணை நிற்கச் சொன்னார். திரையில் என்ன வந்தது தெரியுமா? பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் வந்தது. அவளுடைய கறுத்த கூந்தல் வந்தது. முகம் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே புள்ளிக் குழப்பம்!

காரணம் சின்னது. ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பிட். அந்த நாலும் தலைகீழ் வரிசையில் உள்ளே போயிருந்தன. முழுக் கறுப்பு என்றால் நாலும் பூஜ்யம். முழு வெள்ளை என்றால் நாலும் ஒன்று. திருப்பி வாசித்தாலும் விகடகவி மாதிரி அவை மாறா. ஆகவே கூந்தலும் சுவரும் தப்பின. கறுப்புமில்லாமல் வெள்ளையுமில்லாமல் நடுவில் இருக்கும் சாயல்கள்தான் திரிந்துபோயின. மனித முகமோ முழுக்க முழுக்க அந்த நடுச் சாயல்களால் ஆனது. ஸாஸன் கம்பிகளை மாற்றிப் போட்டார். முகம் வந்தது.

கம்பெனிப் பெரியவர்கள் அவருடைய காமிராவைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டதும், புகைப்படத்தை டெலிவிஷனில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டதும், அந்தக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் மனுப் போட்டதும் பலர் எழுதிவிட்ட கதை. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது அந்த முதல் படம்தான். கூந்தல் வந்து, முகம் வராத படம்.

*

பிறகு 20 ஆண்டுகளில் காமிராவும் கடைக்கு வந்தது; கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

1994-இல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட குவிக்டேக் என்ற காமிராவில் நல்ல தரத்தில் எட்டே எட்டுப் படம் எடுக்கலாம். பின்புறம் படம் பார்க்கத் திரை கிடையாது. எடுத்தது என்ன என்று தெரிய வேண்டுமானால் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகித்தான் ஆகவேண்டும். அந்தக் காலத்துச் சீரியல் கேபிளில், நல்ல வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டரானாலும், ஒரு மெகாபைட் இறங்க ஒன்றரை நிமிஷம் ஆகும். 1997-இல் சோனி கம்பெனிக்கு ஒரு சுலபமான யோசனை தோன்றிற்று. கேபிளே வேண்டாம், எல்லோர் கம்ப்யூட்டரிலும் பிளாப்பி வாய் இருக்கிறதே, காமிராவிலேயே பிளாப்பியைப் போட்டுவிட்டால் என்ன? போட்டார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். ஸாஸன் காஸெட்டைக் கழற்றிக் கொண்டுபோன அதே முறைதான்.

பிளாப்பியில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும். அதிலே பல படங்கள் அடங்கின என்றால் அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பெங்களூரில் பிறந்து அமெரிக்கா சென்ற நஸீர் அகமது என்ற பேராசிரியர், படத்தின் எண்களைச் சுருக்கும் கணித வழி ஒன்றை யோசித்து, 1972-இல் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தார். ரொம்ப எளிதாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. டி. நடராஜன் என்ற மாணவரையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்து, 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். 1992-இல் ஏற்பட்ட ஜேபெக் என்ற படச் சுருக்க முறைக்கு உயிர்நாடி அந்தக் கணிதம்தான். படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, மேல் வரிசையிலிருந்து கீழே சுருக்கிக்கொண்டே வருவது அதன் சாதாரண வழக்கம். கோலத்தை ஒரு பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு வருவதுபோல. பாதியில் மாவு தீர்ந்தால் பாதிக் கோலம்தான். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996-இல் யூ.எஸ்.பி. வந்தது. பரோடாவில் படித்த அஜய் பட் என்பவருக்கு அதில் முக்கியப் பங்கு. எந்தச் சாமானானாலும் ஒரே மாதிரி வாயில், கம்ப்யூட்டரை அணைக்காமலே செருகலாம் என்று ஆயிற்று. 1998-இல் ஜப்பானியர் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள்: எந்தக் கம்பெனிக் காமிராவானாலும் படங்களை டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும்; படத்தின் பெயர் எட்டு எழுத்து; அதில் கடைசி நாலும் எண்கள். உங்கள் போனைத் திறந்தால் இன்றும் அந்த ஃபோல்டர் இருக்கக் காண்பீர்கள்.

காமிராவில் பிலிம் இருந்த இடத்துக்கு மெமரி கார்டு வந்து சேர்ந்தது. அந்தக் கார்டின் உள்ளே இருப்பது, ஜப்பானில் தோஷிபா கம்பெனியின் புஜியோ மஸுவோக்கா 1980-களில் கண்டுபிடித்த நினைவுச் சில்லு. அதற்கு 'பிளாஷ்' என்று பெயர். உடன் வேலை செய்த ஒருவர் வைத்த பெயராம். உள்ளே இருப்பதை அது ஒரே வீச்சில் அழிக்கும் வேகத்தைக் கண்டு, காமிராவின் பிளாஷ் வெளிச்சம் அவருக்கு நினைவு வந்ததாம். நினைவில் வைக்கும் பொருளுக்கு, அது அழிக்கும் விதத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்! நான் அந்தப் பெயரை மறக்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு.

*

இனிமேல் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஓர் அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். கொள்ளிடக் கரைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். சிறு வயதிலேயே தாய் போய்விட்டபடியால் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அத்தைக்குப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது. கல்யாணப் படங்களில் எல்லாம் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் மறைந்திருப்பாள்.

2006-இல் ஒரு நண்பனிடம் டிஜிட்டல் காமிரா இருந்தது. அதைக் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு அக்காவின் படம் ஒன்று வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

"என்னையாடா தம்பி எடுக்கப்போறே? அந்த வைக்கோல்போரை எடு. அதாவது பார்க்க நல்லா இருக்கும்" என்றாள் அத்தை.

காமிராவின் பின்புறத் திரையில் அவளையே அவளுக்குக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "நானா இது? எங்க அம்மா மாதிரி இருக்கேனே" என்றாள். பிறகு அவளாகவே உள்ளே போய், தலையை வாரி, புடைவை மாற்றிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். 31 படங்கள் எடுத்தேன். ஒன்றில் சிரித்தாள்.

நண்பனுக்கு மறுநாள் விடியற்காலையில் காமிரா வேண்டும், யாருக்கோ கல்யாணம். அன்று இரவு பஸ் மாறும் ஊரில் இறங்கி, ஒரு பிரவுஸிங் சென்டரில் நுழைந்தேன். கார்டிலிருந்த படங்களை என் பென் டிரைவுக்குப் பெயர்த்தேன். திரையில் 31 பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. என் பஸ் கிளம்பும் ஹாரன் காதில் விழுந்தது. பென் டிரைவின் சிறு விளக்கு இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், நண்பனுக்குச் சுத்தமான கார்டாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, கார்டில் இருந்ததை எல்லாம் அழித்தேன்.

மூன்று நாள் கழித்துத்தான் பென் டிரைவைத் திறந்தேன். 31 பெயர்களும் இருந்தன. படங்கள் திறக்கவில்லை.

விஷயம் தெரிந்த ஒருவர் பிற்பாடு விளக்கினார். பதிவேட்டில் முதலில் பெயர் ஏறிவிடுமாம். சரக்கைக் கம்ப்யூட்டர் தன் மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதுமாம். தபால் ஆபீஸ் ரிஜிஸ்தரில் பதிவாகிவிட்டது. கடிதம் இன்னும் பைக்குள் போகவில்லை. விளக்கு சிமிட்டியது அதற்காகத்தான். கார்டில் அழித்ததும்கூட உண்மையில் அழிவதில்லையாம். அந்த இடம் காலி என்று குறித்துவைப்பதோடு சரி. மேலே வேறொன்று எழுதாத வரையில் மீட்டுவிடலாம் என்றார். ஓடினேன் நண்பனிடம். அவன் கார்டு நிறையக் கல்யாணம் எடுத்திருந்தான். அத்தையின் மேல் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பென் டிரைவில் ஒரே ஒரு படம் மட்டும் பாதி திறந்தது. மேலே ஓட்டுக் கூரையின் விளிம்பு, அதற்குக் கீழே நரைத்த வகிடு, வாரிய தலை, நெற்றி. புருவம் வரைக்கும் வந்து, அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வந்த கோலத்தில் மாவு அங்கே தீர்ந்துவிட்டது.

திரும்பப் போய் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போயிற்று. அந்த வருஷம் ஐப்பசி மழையில் அத்தை போய்விட்டாள். காரியத்தன்று அப்பா என்னிடம் வந்து, "படம் எடுத்தியே, பெரிசு பண்ணிக் கொண்டாடா, மாலை போடலாம்" என்றார்.

"காமிரா கெட்டுப்போச்சு அப்பா" என்றேன்.

காமிரா கெடவில்லை. கார்டும் கெடவில்லை. கம்ப்யூட்டர் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இன்னும் அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தால் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். பஸ் போனால் அடுத்த பஸ் அரை மணியில் உண்டு. அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இப்போது இல்லை.

*

என் முட்டாள்தனத்துக்குத் துணை தேடி நான் படித்ததில் ஒரு செய்தி அகப்பட்டது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது அங்கிருந்து வந்த டெலிவிஷன் காட்சியை, வந்தபடியே, நல்ல தெளிவோடு காந்த நாடாக்களில் பதிந்து வைத்திருந்தார்கள். நாம் பார்த்தது ஒளிபரப்புக்காக மாற்றிய மங்கலான நகல். பிற்காலத்தில் மூல நாடாக்களைத் தேடினால் காணவில்லை. நாடாத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பழையவற்றை அழித்து மேலே வேறு விஷயம் பதிந்துகொண்டபோது அவையும் போயிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமே முடிவு கட்டிற்று. செவ்வாயிலிருந்து இருமுறை கேட்டு வாங்கிய அதே ஸ்தாபனம்தான். இதைப் படித்து எனக்கு ஆறுதல் ஏற்பட்டது என்று சொல்லமாட்டேன். உலகத்தில் எங்கேயும் அழிக்கிற கை நல்லெண்ணத்தோடுதான் அழிக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

வினாடிக்கு எட்டு பிட் வந்த காலத்தில் மனிதர்கள் சுவரெதிரே வண்ணக் குச்சியோடு நின்று, ஒவ்வோர் எண்ணாக வரவேற்றார்கள். 23 வினாடி ஆன காலத்தில் முகம் வரவில்லை என்று உடனே கண்டு கம்பியை மாற்றினார்கள். வேகம் கூடக் கூட நாம் எண்ணிக்கையைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது கேபிளும் வேண்டாம், படங்கள் தாமாகவே எங்கோ தூரத்தில் உள்ள கம்ப்யூட்டருக்குப் போய்விடுகின்றன என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சில ஏற்பாடுகளில், இங்கே போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துபோகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இருக்கும் டிஜிட்டல் படம் இன்னும் வந்து சேராத படம் என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் என் தங்கை பெண்ணிடம் நான் சொல்லவில்லை. அத்தையின் பாதிப் படத்தை மட்டும் திறந்து காட்டினேன். இத்தனை வருஷமாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு, ஒவ்வொரு தடவையும் இரண்டு பிரதியாக, பத்திரமாகப் பெயர்த்து வைத்திருக்கும் படம் அது.

"யாரு மாமா இது?"

"உன் தாத்தாவோட அக்கா."

அவள் அந்த நெற்றியையும், அதற்குக் கீழே இருந்த சாம்பலையும் பார்த்தாள். பிறகு என் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் படத்தைத் திறந்தாள். மஞ்சள் கொத்து, பானை, அம்மாவின் முகம் முழுசாக இருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். சமையலறையிலிருந்து அம்மா, "என்னடி அங்கே பண்றே இவ்வளவு நேரமா? காப்பி ஆறிப்போகுது" என்று குரல் கொடுத்தாள்.

"ஆறட்டும் பாட்டி" என்றாள் அவள். மூன்றாவதைத் திறந்தாள்.